ஏழாம் படியில் உட்கார்ந்த பூனை

அல்லிக்குளத்தங்கரையில் கொலு வைத்த முதல் நாளே பூனை நான்கு பொம்மைகளை உடைத்தது.

உடைத்ததோடு நிற்கவில்லை. கேழ்வரகு முளைவிட்டிருந்த சின்னப் பூங்காவைக் கடித்துத் துப்பியது. குளத்துக்குப் பதிலாகப் பூங்கா நடுவில் வைத்திருந்த கண்ணாடித் துண்டில் தன் முகத்தைப் பார்த்து, வேறு ஏதோ பூனை என்று நினைத்து ஓங்கி அறைந்தது. மாவிலைத் தோரணத்தை இழுத்துக் கீழே போட்டு, அதன்மேலேயே படுத்துத் தூங்கியும்விட்டது.

அந்தக் காட்டில் கொலு என்பது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. மருத மரத்தடியில் எல்லா விலங்குகளும் சேர்ந்து ஒன்பது படி கட்டும். பொம்மைகளைக் குளத்து மண்ணில் ஆமை செய்வாள். கீழ்ப்படியில் பாசியும் கொடியும், அதற்கு மேலே நத்தை, எறும்பு, நண்டு என்று ஏறி, உச்சிப் படியில் மழைத்தாய் உட்கார்ந்திருப்பாள். பூங்காவுக்குத் தண்ணீர் தெளிப்பது அணில்களின் பொறுப்பு. அதற்குத் தினமும் மாலையில் அணில்களுக்குக் கொலுப் பங்கு கிடைக்கும்: கடலை, மொச்சை, தட்டைப்பயறு.

ஒன்பது நாள் பங்கும் பொந்துக்குள் வந்து சேர்ந்தால்தான் ஐப்பசி அடைமழையை அணில்கள் தாண்ட முடியும். மழை பிடித்தால் பத்து நாள் வெளியே தலைகாட்ட முடியாது. வேணி என்ற இளம் அணிலின் பொந்தில் இந்த வருடம் இன்னும் கண் திறக்காத மூன்று தம்பிகள் வேறு. அம்மா பொந்தை விட்டு அசைய முடியாது. வேணியும் தங்கை வஞ்சியும் கொண்டுவந்தால்தான் உண்டு.

அந்த வஞ்சியின் வாலில் பாதியைத்தான் பூனை முதல் நாள் மாலை பறித்துக்கொண்டது.

பூனையின் பெயர் சிங்காரம். ஊருக்குள் யாரோ வளர்த்துச் சலித்துத் துரத்திவிட, காட்டோரம் அழுதுகொண்டு நின்ற அதை மங்களம் என்ற கரடி தூக்கி வந்து வளர்த்தாள். மங்களத்துக்குப் பிள்ளை குட்டி இல்லை. பாசம் மட்டும் ஏராளமாக இருந்தது. அவ்வளவையும் அந்தப் பூனையின் தலையில் கொட்டினாள்.

வேணி தங்கையைக் கூட்டிக்கொண்டு நேரே கொலுக் குழுவின் தலைவரான நாரையிடம் போனாள்.

"பாருங்க தலைவரே, என் தங்கச்சி வாலை!"

நாரை ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்.

"அந்த நேரத்துல மூணாம் படிப் பக்கம் இவளுக்கு என்ன வேலை?"

"தண்ணி தெளிக்கிற வேலை! நீங்க கொடுத்த வேலை!"

"தெளிச்சது சரி. வாலை ஆட்டிக்கிட்டே தெளிச்சாளா, ஆட்டாம தெளிச்சாளா?"

"அணில் வால் ஆடத்தான் செய்யும்!"

"ஆங்!" நாரை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அப்ப நீயே ஒத்துக்கிற!"

"பூனையைக் கட்டிப் போடுங்க தலைவரே. ஒன்பதே நாள்தான். ஒரு கொடி போதும்!"

சொல்லி முடிக்கவில்லை. மங்களம் புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரை யாரு கட்டறது? என் சிங்காரம் பச்சைக் குழந்தைடி! பொம்மையைப் பார்த்ததும் ஆசையா ஓடி வருது. குழந்தை ஓடி வந்தா ரெண்டு சாமான் உடையத்தான் செய்யும்!"

"வாலும் உடையுமா அத்தை?"

"வாயைப் பாரு, வாயை! அது உங்க வாலைப் பிடிச்சு விளையாடிச்சு. நீங்க ஏன் இழுத்தீங்க?"

சிங்காரம் கரடியின் காலில் உரசிக்கொண்டே, "நான் ஒண்ணுமே பண்ணலைம்மா. படியில ஏறினேன். பொம்மைங்களா பார்த்துப் படுத்துக்கிச்சு" என்றது.

"கேட்டீங்களா? எவ்வளவு வெகுளி!" என்று மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எருமைக்கும் மயிலுக்கும் கழுதைக்கும் இது அபத்தம் என்று தெரியும். ஆனால் கொலுவுக்குத் தேன் கொடுப்பவள் மங்களம். எருமை புல்லைப் பார்த்தது. மயில் தன் இறகைப் பார்த்தது. நாரைக்கோ இன்னொரு கணக்கும் உண்டு. தினமும் காலையில் மங்களம் குளத்தில் இறங்கிக் குளிப்பாள். அவள் இறங்கினால் மீன்கள் பதறிக்கொண்டு கரையோரம் ஒதுங்கும். கரையோரம் வாயைத் திறந்துகொண்டு யார் நிற்பார்? தலைவர்தான்.

ஆகவே தலைவர் தீர்ப்பு சொன்னார். "ஆடுகிற வால்தான் பூனையின் மனசைக் கெடுக்குது. நாளை முதல் அணில்கள் எல்லாம் வாலைத் தேக்கிலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு வர வேண்டும்."

இரண்டாம் நாள் இருபத்தாறு அணில்கள் வாலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தன. வாலை விரிக்க முடியாமல் கிளையில் நிதானம் தப்பி நான்கு அணில்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. தேக்கிலை சரசரத்த சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து வந்து ஐந்து பொம்மைகளை உடைத்தது.

"சத்தம் போட்டா எந்தப் பூனைதான் சும்மா இருக்கும்?" என்றார் நாரை. மூன்றாம் நாள் முதல் அணில்கள் கீச்சிடக் கூடாது, ஓடக் கூடாது, வெயில் சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று மருத மரத்தில் அலகால் கொத்தி எழுதி வைத்தார். கொலுப் பங்கு கொடுப்பதோ வெயில் சாய்ந்த பிறகு. அன்றைக்கு அணில்கள் வெறுங்கையோடு வீடு போயின.

வேணி பொந்துக்குத் திரும்பியபோது அம்மா அவளுடைய வெறுங்கையைப் பார்த்தாள். தம்பிகள் கண்ணை மூடிக்கொண்டே வாயைத் திறந்து திறந்து தேடின. முந்தைய நாள் கடலையில் கடைசி மூன்றை அம்மா கடித்துத் தின்றுவிட்டுப் பால் கொடுத்தாள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

நான்காம் நாள் நாரை இன்னும் ஒரு படி மேலே போனார். "அணில்களே வராவிட்டால் தொல்லையே இல்லை. இவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன். கொலு முடியும்வரை அணில்கள் யாரும் குளத்தங்கரைப் பக்கம் வர வேண்டாம்!"

"எங்க பாதுகாப்புக்காக எங்களைப் பட்டினி போடறீங்களா?" என்று வேணி கத்தினாள்.

"இந்தப் பிடிவாதத்தாலதான் உங்களுக்கு இப்படியெல்லாம் நடக்குது" என்றாள் மங்களம், பரிதாபப்படுவது போல.

அன்று குளத்தங்கரையில் பேருக்குக்கூட ஓர் அணில் இல்லை. ஒரு வால் ஆடவில்லை. ஒரு கீச்சுச் சத்தம் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பூனை எல்லா நாளையும்விட அதிகமாக, பதினொரு பொம்மைகளை உடைத்தது. உடைத்த கையோடு ஏழாம் படியில் ஏறி, அங்கே நின்ற மயில் ஜோடியைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாம் நாள் காலையில் விலங்குகள் வந்து பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது.

வேணி தடையை மீறி வஞ்சியோடு வந்து கூட்டத்தின் முன்னால் நின்றாள். "நேத்து நாங்க யாருமே வரலை. யாரு வால் ஆட்டினது? யாரு கீச்சிட்டது? சொல்லுங்க தலைவரே!"

கூட்டம் சலசலத்தது. எருமைகூட நிமிர்ந்து பார்த்தது. "அதானே?" என்றது கழுதை. ஆமையக்கா உடைந்த மயிலின் கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மண் பிசைந்து, நிழலில் உலர்த்தி, காவி பூசி, இரண்டு மாதம் செய்த மயில்.

"முதல்ல பூனையைப் படியிலிருந்து இறக்குங்க!" என்றாள் வேணி.

நாரை மங்களத்தைப் பார்த்தார். மங்களம் இடுப்பில் கை வைத்து நின்றாள். நாளைக் காலைக் குளியல் தலைவரின் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இறக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா கொலுவுக்குன்னு ஒரு முறை இருக்கு. படியில ஏறினதைப் பத்தாம் நாள் வரைக்கும் அசைக்கவே கூடாது! முறையை நான் எப்படி மீறறது?"

"அது பொம்மைக்கு உண்டான முறை தலைவரே!"

"ஏன், என் சிங்காரம் பொம்மை மாதிரி இல்லையா?" என்று மங்களம் பாய்ந்தாள். "அந்த மூக்கைப் பாருங்க! மீசையைப் பாருங்க! இந்த ஆமை செஞ்ச மண்ணாங்கட்டி எல்லாம் இதுக்கு ஈடாகுமா? பொம்மைன்னே வெச்சுக்குங்க!"

நாரைக்கு முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை! இன்று முதல் சிங்காரம் ஏழாம் படிப் பொம்மை. தீர்மானம் நிறைவேறியது!"

வேணிக்குக் கோபத்தில் காது இரண்டும் விறைத்தன. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. இவர்கள் சொன்னதை அவள் மனசுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"ரொம்ப நல்ல தீர்மானம் தலைவரே! நான் முழு மனசா ஆதரிக்கிறேன்!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. வஞ்சி, "அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்று காதைக் கடித்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் வேணி. "எங்களை எதுக்குத் தலைவரே வரக் கூடாதுன்னீங்க?"

"உங்களைப் பார்த்தா பூனைக்கு ஆசை வருது. அதான்."

"பொம்மைக்கு ஆசை வருமா?"

நாரை விழித்தார். "வராது…"

"அப்ப தடை எதுக்கு?"

எருமை சிரித்துவிட்டது. "அது சரிதானே தலைவரே! பொம்மைக்குப் பயந்துகிட்டு யாராவது வீட்டுக்குள்ள கிடப்பாங்களா?"

வேறு வழியில்லாமல் நாரை தடையை நீக்கினார். வேணி விடவில்லை. "இன்னும் ஒண்ணு. பொம்மைன்னா அசையாது. அசைஞ்சா அது பூனை. பூனைன்னா வீட்டுல கட்டிப் போடணும். இதையும் தீர்மானத்துல சேர்த்துக்கங்க. மங்களம் அத்தைக்குத் தன் பிள்ளைமேல நம்பிக்கை இல்லைன்னா வேண்டாம்."

"நம்பிக்கை இல்லையாமே!" மங்களம் காலைத் தரையில் உதைத்தாள். "எழுதுங்க! என் பிள்ளை ஒரு மயிர்கூட அசைய மாட்டான்! டேய் சிங்காரம், அம்மா மானத்தைக் காப்பாத்துடா!"

"இது ஒரு விஷயமாம்மா?" என்று சிங்காரம் கொட்டாவி விட்டு, கழுத்தை நிமிர்த்திச் சிலையாக உட்கார்ந்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பது அதற்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தீர்மானம் எழுதியாகிவிட்டது. இனி யாராவது அதன் முன்னால் நடந்து காட்ட வேண்டும்.

வேணி வாலில் சுற்றியிருந்த தேக்கிலையை அவிழ்த்தாள். பொம்மை என்று எழுதிவிட்டால் பூனைக்கு நகம் இல்லாமல் போய்விடுமா? வாயால் வெல்வது வேறு, அந்தப் பச்சைக் கண்ணுக்கு முன்னால் வாலோடு நடப்பது வேறு. ஆனாலும் ஆறாம் படியில் ஏறி, பூனையின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், மெதுவாக, வாலை நன்றாக ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

பூனையின் கண் வாலோடு சேர்ந்து இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. உதடு அசையாமல் அது முணுமுணுத்தது.

"இறங்கினதும் உனக்கு இருக்குடி."

"தலைவரே, பொம்மை பேசுது!" என்றாள் வேணி.

"காத்து! மரத்துல காத்து!" என்று மங்களம் அவசரமாகச் சொன்னாள்.

பூனை பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. வேணி மறுபக்கம் இறங்கி மற்ற அணில்களைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு இருபத்தைந்து அணில்களும் வரிசையாக, வாலைப் பூவாக விரித்துக்கொண்டு பூங்காவுக்குத் தண்ணீர் தெளிக்க வந்தன.

அப்புறம் கொலு பார்க்க வந்தவர்களின் கூட்டம். கொலு பார்க்க வந்தால் பாட வேண்டும், அதுவும் முறை. புதுப் பொம்மை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துக் காட்டில் இருந்தெல்லாம் வந்தார்கள். கழுதை ஏழாம் படிக்கு நேராக நின்று, ஆரம்பித்த பாட்டை முடிக்கவே மறந்து பாடியது. தவளைகள் பதினெட்டுப் பேர் கூட்டாகப் பாடினார்கள். மயில் வந்து பொம்மையின் நெற்றியில் குங்குமத்தை அப்பியது. கண்ணில் விழுந்தது.

"கண்ணு கலங்குதே?" என்றது எருமை.

"பனி!" என்றாள் மங்களம். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. மீசை துடித்தது. "காத்து!" வால் நுனி தானாக ஒருமுறை அடித்தது. "காத்துன்னா கேளுங்க!" இலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் மங்களத்தின் காற்று மட்டும் அன்று முழுவதும் பூனையின்மேல் வீசிக்கொண்டே இருந்தது.

பிற்பகலில் மங்களத்துக்கே மனசு தாங்கவில்லை. எருமையிடம் கெஞ்சி வாங்கிய பாலைச் சுரைக்குடுக்கையில் மறைத்துக்கொண்டு படிப் பக்கம் நழுவினாள்.

"அத்தை, பொம்மைக்கு எதுக்குப் பால்?" என்று கீழேயிருந்து வேணியின் குரல் வந்தது.

"பால்… நான் குடிக்கத்தான்!" என்று சொல்லிவிட்டு, பூனை பார்த்துக்கொண்டே இருக்க, மங்களம் அவ்வளவு பாலையும் தானே குடிக்க வேண்டியதாயிற்று. ஏழாம் படியிலிருந்து மெல்லிய விம்மல் கேட்டது. அதுவும் காற்றுதான்.

வெயில் சாயும் நேரத்தில் ஆமையக்கா வந்தாள். கையில் ஒரு சட்டி நிறையக் குழைத்த மண். கொலு வைத்த நாளிலிருந்து வாயே திறக்காதவள் அன்று திறந்தாள்.

"தலைவரே, நாளைக்கு ஆறாம் நாள். படியில உள்ள பொம்மைங்க எல்லாத்துக்கும் விரிசல் பார்த்து மண் பூசி எடுக்கணும். வருஷா வருஷம் செய்யறதுதானே? இப்பவே ஆரம்பிச்சிடறேன்."

"செய்யுங்க, செய்யுங்க" என்றார் நாரை, எங்கோ நினைவாக.

"இந்தப் புதுப் பொம்மைதான் ரொம்ப மோசம். உடம்பு பூரா மயிரா இருக்கு. யாரு செஞ்சாங்களோ, வழவழப்பே இல்லை." ஆமையக்கா ஏழாம் படியில் ஏறி, பூனையின் முன்னங்காலில் ஈர மண்ணை ஒரு கை அப்பினாள். "முழுசா ரெண்டு பூச்சுப் பூசி, நாலு நாள் வெயில்ல காய வெச்சா சரியாயிடும். காது கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு. உள்ளே அமுக்கிடறேன். வாய் எதுக்குத் திறந்திருக்கு? அடைச்சிடலாம்."

அடுத்த கை மண் மூக்கை நோக்கி வந்தது.

"அய்யோ, நிறுத்துடி!" என்று அலறிக்கொண்டு மங்களம் ஓடி வந்தாள். "மூச்சு முட்டிடும்டி அதுக்கு!"

"பொம்மைக்கு ஏது மூச்சு?" என்றாள் ஆமையக்கா, கையை நிறுத்தாமல்.

"அவன் பொம்மை இல்லைடி! பூனைடி! பூனை, பூனை, பூனை! பசிக்கிற பூனை, கடிக்கிற பூனை, நகம் உள்ள பூனை!"

அவ்வளவு நாள் யாரும் சொல்லத் துணியாததை மங்களமே தன் வாயால், மூச்சு வாங்கிக்கொண்டு, காடே கேட்கும்படி சொல்லிவிட்டாள். பூனை "அம்மா!" என்று ஒரே தாவலாகத் தாவி அவள் கழுத்தில் ஏறியது. தாவிய வேகத்தில் கடைசியாக ஒரு நத்தைப் பொம்மையையும் உடைத்துவிட்டுத்தான் போனது.

"தீர்மானம் இருக்கு தலைவரே" என்றாள் வேணி.

எருமை, "இருக்கு" என்றது. கழுதை, "படிச்சுக் காட்டவா?" என்றது. நாரை வானத்தைப் பார்த்தார். வானத்தில் அவருக்கு உதவ யாரும் இல்லை.

மங்களம் பூனையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குகை வாசலில் ஒரு சீந்தில் கொடியால் கட்டினாள். விளையாட ஒரு தேங்காய் நார் உருண்டை போட்டாள். பூனை அரை நாழிகை உருண்டையை உருட்டியது, பிறகு வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. அவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் இருப்பதற்காகத்தான் ஐந்து நாள் கூட்டம் போட்டு, இருபத்தாறு வாலைப் பொட்டலம் கட்டி, ஒரு காட்டையே கீச்சிடாமல் இருக்கச் சொன்னார்கள்.

மீதி நான்கு நாளும் ஒரு பொம்மைகூட உடையவில்லை. பத்தாம் நாள் கொலு முடிந்ததும் நாரை எழுந்து நின்று, தன் செல்லப் பிள்ளையைப் பிரிந்திருந்து கொலுவைக் காப்பாற்றிய மங்களத்தின் பெரும் தியாகத்துக்கு நன்றி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அணில்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேணி கை தட்டவில்லை. அவள் எழுந்துபோய், தராமல் விட்ட இரண்டு நாள் பங்கையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, மழை இறங்குவதற்குள் பொந்தில் கொண்டுபோய் நிரப்பினாள். தம்பிகள் மூன்றும் அன்றைக்குத்தான் கண் திறந்தன. வஞ்சியின் வால் மட்டும் பாதியாகவே இருந்தது. அது திரும்ப முளைக்கவில்லை.

தப்பு செய்கிறவனைக் கட்டி வைக்கத் துணியாத சபைதான் அடிபட்டவர்களுக்குப் புதுப்புது விதிகளாக எழுதிக்கொண்டே இருக்கும்.